கலெக்டர் ஆக முடியாது, படிக்கலாமா?

கேள்வி: எனக்கு ஊர் ராசிபுரம் பக்கம். வயது 27. சிவில் இன்ஜினீயரிங் படித்தேன். நான்கு வருடமாக மகளிர் திட்டத்தில் வட்டார ஒருங்கிணைப்பாளராக ஒப்பந்த வேலை பார்க்கிறேன். குரூப் ஒன் இரண்டு முறை எழுதி, ஒருமுறை முதன்மைத் தேர்வு வரை போனேன். இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுக் கொள்கையும் மேலாண்மையும் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடப் படிப்பு. கட்டணத்தில் கொஞ்சம் சலுகை தருகிறார்கள். அது போக 40 லட்சம் கடன் வாங்க வேண்டும். ஒன்றரை ஏக்கர் மரவள்ளித் தோட்டத்தின் பத்திரத்தை வங்கியில் வைக்க அப்பா தயார். "இதைப் படித்தால் கலெக்டர் ஆகலாமா?" என்று கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது? இந்தப் படிப்பில் உண்மையில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? நான் போகலாமா?

பதில்: அப்பாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஆக முடியாது. கலெக்டர் ஆவதற்கு யு.பி.எஸ்.சி. எழுதி ஐ.ஏ.எஸ். வாங்க வேண்டும், இல்லாவிட்டால் குரூப் ஒன்னில் துணை ஆட்சியராகச் சேர்ந்து பல வருடம் கழித்துப் பதவி உயர்வில் வர வேண்டும். இரண்டுக்கும் ஏதோ ஒரு பட்டம் இருந்தால் போதும், உங்களிடம் அது இருக்கிறது. அமெரிக்காவில் வாங்கும் முதுகலைக்காக அரை மதிப்பெண்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. பத்திரம் வங்கிக்குப் போவதற்கு முன்பே இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். பெண் இரண்டு வருடம் கழித்துச் சைரன் காரில் வந்து இறங்குவாள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்ட அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் பிறகு நடந்த பேச்சு சுகமாக இல்லை.

அப்படியானால் இந்தப் படிப்பு எதற்கு?

நம் ஊரில் இதைச் சொன்னதும், "ஓ, பப்ளிக் அட்மினா?" என்பார்கள். அது வேறு. பொது நிர்வாகம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல காலமாக இருக்கிற பாடம், யு.பி.எஸ்.சி.க்கு விருப்பப் பாடமாகவும் எடுப்பார்கள். அரசு எப்படி அமைந்திருக்கிறது, யாருக்கு என்ன அதிகாரம் என்பதுதான் அதன் மையம். நீங்கள் கேட்கும் படிப்பு பிறந்த கதையே வேறு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் அப்போதைய அமைச்சர் மெக்னமாரா ஒரு பட்ஜெட் முறையைக் கொண்டுவந்தார். இந்தச் செலவுக்கு என்ன பலன், அதே பலன் வேறு வழியில் மலிவாகக் கிடைக்குமா என்று கணக்குக் காட்டினால்தான் பணம். 1965இல் ஜனாதிபதி ஜான்சன், எல்லாத் துறைகளும் இப்படித்தான் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கணக்குப் போடத் தெரிந்த ஆட்கள் துறைகளில் இல்லை. அந்தக் காலத்தில்தான் பல்கலைக்கழகங்கள் வரிசையாக இதற்கென்று பள்ளிகள் திறந்தன. இன்று ஹைன்ஸ் கல்லூரி எனப்படும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பள்ளி 1968இல் தொடங்கியது, பெர்க்லியில் 1969. ஜான்சனின் பட்ஜெட் முறையை 1971இலேயே கைவிட்டுவிட்டார்கள். பள்ளிகள் மட்டும் நிலைத்துவிட்டன. பாடத்திட்டத்தில் பொருளாதாரமும் புள்ளியியலும் இவ்வளவு மொய்ப்பதற்கு இதுதான் காரணம். சமூக சேவைப் படிப்பு என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் பருவத்திலேயே திணறுவார்கள். நீங்கள் இன்ஜினீயர், கணக்கு உங்களுக்குப் பயமில்லை.

சரி, "கொள்கை" புரிகிறது, அந்த "மேலாண்மை" எதற்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது? இதை விளக்க வேண்டும் என்றால் நான் எப்போதும் எடுப்பது நம் ஊர் மாத்திரைப் பட்டையைத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் பட்டையின் பின்பக்கம் தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம் என்பது ஒரு வரிக் கொள்கை, எந்த மாநிலமும் அதை எழுதிவிடலாம். தமிழ்நாடு 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒரு நிறுவனத்தை உண்டாக்கி, மாநிலம் முழுக்கத் தேவையான மருந்தை மொத்தமாக, கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப் பெயரில் டெண்டர் விட்டு வாங்கத் தொடங்கியது. வந்த சரக்கு மாவட்டக் கிடங்குக்குப் போகும். அங்கிருந்து மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் சரக்கு வெளியே போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். வங்கியில் இருப்பது போலவே, இந்த வருடம் உனக்கு இவ்வளவு ரூபாய் என்று அதில் வரவு இருக்கும், எடுக்கிற மருந்தின் விலை கழிந்துகொண்டே வரும். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை அந்த ஊர் மருத்துவரே முடிவு செய்யலாம். மேலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும் பெட்டி கிடையாது.

அந்த பாஸ்புக்தான் மேலாண்மை. கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் பிறகு வந்து பார்த்து எடுத்துப் போனதும் இந்தக் கிடங்கு, ஆய்வகம், பாஸ்புக் ஏற்பாட்டைத்தான். நல்ல பள்ளி என்றால், "இலவச மருந்து நல்லதா கெட்டதா" என்று உங்களை விவாதிக்க விட்டுவிட்டு நிறுத்தாது. கிடங்கில் சரக்கு தீர்ந்தால் யாருக்கு முதலில் தெரியும், அவர் யாருக்குச் சொல்வார், சொல்லாவிட்டால் அவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வட்டாரத்தில் ஓர் ஊராட்சியில் காகிதத்தில் 11 சுய உதவிக் குழுக்கள், உண்மையில் கூட்டம் போடுவது ஆறு என்று. மற்ற ஐந்தின் தீர்மானப் புத்தகத்தில் எல்லா மாதமும் ஒரே கையெழுத்து, ஒரே மை என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பிடித்த இடம் அது.

வகுப்பில் இதை என்ன செய்வார்கள் தெரியுமா? உங்கள் அலுவலகத்தில் இதைச் சொன்னால், "வங்கிக் கடன் இணைப்பு கிடைத்த குழு நன்றாக நடக்கிறது, கிடைக்காதது படுத்துவிட்டது, அதனால் எல்லாக் குழுவுக்கும் கடன் வாங்கிக் கொடு" என்பார்கள். உண்மையிலேயே கடன் வாங்கிய ஆறு குழுக்களும் உயிரோடு இருக்கும், பட்டியலும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் வங்கி மேலாளர் யாருக்குக் கடன் கொடுத்தார்? ஏற்கெனவே ஒழுங்காகக் கூடி, ஒழுங்காகச் சேமித்த குழுவுக்கு. கடனால் குழு நன்றாக நடந்ததா, நன்றாக நடந்ததால் கடன் வந்ததா? இரண்டில் எது என்று தெரியாமல் ஐந்து படுத்த குழுக்களுக்கும் கடனை வாங்கிக் கொடுத்தால், இன்னொரு வருடத்தில் உங்கள் கையில் ஐந்து வாராக் கடன் இருக்கும். இதைப் பிரித்துப் பார்க்கும் வழிகள்தான் அந்தப் புள்ளியியல் வகுப்பின் சாரம். சில சமயம் குலுக்கல் போட்டுப் பாதிப் பேருக்கு முதலில் கொடுத்துப் பார்ப்பார்கள். 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் நோபல் வாங்கித் தந்தது இந்த வகை வேலைதான். சில சமயம் குலுக்கல் நியாயமாக இருக்காது, அப்போது வேறு தந்திரம்.

அப்புறம், எழுத்து. பாதிப் பேர் இதை எதிர்பார்த்து வருவதில்லை. இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல் ஒரு செயலாளருக்குக் குறிப்பு எழுத வேண்டும். பிரச்சினை என்ன, மூன்று வழிகள் என்ன, எதற்கு எவ்வளவு செலவு, எது நடக்கும், எது நடக்காது, நீ எதைச் சொல்கிறாய். முன்னுரையாக ஒரு தத்துவ மேற்கோள் போட்டால் அடித்துவிடுவார்கள். நான் படித்த காலத்தில் முதல் குறிப்பு திரும்பி வந்தபோது விளிம்பில் ஒரே சொல் மூன்று இடத்தில் எழுதியிருந்தது: "யார்?" விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும், கண்காணிப்பு பலப்படுத்தப்பட வேண்டும், ஒருங்கிணைப்பு மேம்படுத்தப்பட வேண்டும் என்று எழுதியிருந்தேன். நம் செயப்பாட்டு வினை இருக்கிறதே, ஆளே இல்லாமல் ஒரு அரசாங்கத்தை நடத்திவிடும்.

பட்டம் வாங்கிய பிறகும் எனக்கு இது முழுதாகப் புரியவில்லை. ஊருக்குத் திரும்பிய இரண்டாம் வருடம், தாய்சேய் நலம் பற்றிய ஒரு மதிப்பீட்டுக்காக 14 பக்கப் படிவம் ஒன்றைத் தயாரித்தேன். பெருமையாகத்தான் இருந்தது. கிராம சுகாதார செவிலியர் ஒருவரிடம் முன்னோட்டமாகக் கொடுத்தோம். நாற்பது வயதிருக்கும். படிவத்தைப் புரட்டிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய் மரப் பீரோவைத் திறந்து பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். தடுப்பூசிக்கு ஒன்று, கர்ப்பிணிகளுக்கு ஒன்று, குடும்ப நலத்துக்கு ஒன்று என்று அடுக்கு அவர் முகத்தை மறைக்கிற அளவுக்கு வந்தது. "இதெல்லாம் எழுதி முடிச்சு, வீட்டுக்குப் போய்ப் பசங்க தூங்கின அப்புறம் பிக்மி பதிவு போடறேன் மேடம். உங்களுதை எப்போ எழுதறது?" என்றார். பிக்மி என்பது கர்ப்பிணி, குழந்தை விவரங்களை ஏற்றும் அரசின் கணினிப் பதிவு. நான் கேட்டிருந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதிலேயே இருந்தன. நான்தான் பார்க்கவில்லை. படிவம் கடைசியில் ஒன்றரைப் பக்கம் ஆயிற்று.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் பீரோவை நீங்கள் நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களோடு வகுப்பில் உட்காரப் போகிறவர்களில் பலர் அதைப் பார்க்காமலே கொள்கை எழுதக் கற்பார்கள். படிப்பில் பாதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, மீதிப் பாதிதான் வேண்டும். அந்த மீதிப் பாதிக்கு 40 லட்சம் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

கணக்கைப் போடுவோம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் 20, இரண்டாம் வருடம் 20 என்று வாங்குகிறீர்கள். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி நிற்காது. முதல் 20 லட்சத்துக்கு மூன்று வருட வட்டி 6 லட்சம், அடுத்த 20க்கு இரண்டு வருடம் 4 லட்சம். கட்டத் தொடங்கும் அன்று கடன் 50 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 66,000 ரூபாய். ரூபாய் சரிந்தால் இரண்டாம் வருடக் கட்டணமே கூடும், அதைச் சேர்க்கவில்லை.

இப்போது வருமானப் பக்கம். இந்தியாவுக்குத் திரும்பினால் ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், அரசுத் துறைகளுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆலோசனைக் கம்பெனிகளின் திட்ட மேலாண்மைப் பிரிவுகள் (பி.எம்.யூ.), பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பிரிவுகள். தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் ஐந்து இலக்கத்துக்குள்தான். அதில் 66,000 போனால் சென்னையில் வாடகை கட்டி எதைச் சாப்பிடுவது? (பி.எம்.யூ. வேலை பற்றி ஒரு வார்த்தை. கொள்கை வகுக்கிறோம் என்று சொல்லித்தான் எடுப்பார்கள். முதல் வருடம் பெரும்பாலும் மறுநாள் காலைக் கூட்டத்துக்கு இரவு பதினொரு மணிக்கு ஸ்லைடு மாற்றிக்கொண்டிருப்பீர்கள். அதிலும் கற்றுக்கொள்ள இருக்கிறது, ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்.) அமெரிக்காவிலேயே தங்கிச் சம்பாதித்து அடைக்கலாம் என்றால், அங்கே மத்திய அரசு வேலைகள் அநேகமாகக் குடிமக்களுக்குத்தான். படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க 12 மாத அனுமதி உண்டு. உங்கள் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகையில் வந்தால் இன்னும் 24 மாதம் கிடைக்கும். ஹைன்ஸ் கல்லூரியைப் போல எண்களும் தரவும் கனமாக உள்ள படிப்பென்றால் வாய்ப்பு கூடும். எல்லாக் கொள்கைப் படிப்பும் அந்த வகையில் வராது. உங்கள் பல்கலைக்கழகத்திடம் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பிறகு எச்1பி வேலை விசாவுக்கான குலுக்கல். குலுக்கலை நம்பி மரவள்ளித் தோட்டத்தை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆக, இந்த வருடம், இந்தக் கடனில், போக வேண்டாம் என்பது என் கருத்து. படிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் நான்கு வருட அனுபவத்துக்கு வெளியே விலை இருக்கிறது, அதை நீங்கள் இன்னும் எங்கும் காட்டவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அமெரிக்காவில் படிக்கத் தரும் ஃபுல்பிரைட்–நேரு முதுகலை உதவித்தொகைக்கு மூன்று வருட முழுநேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், பொது நிர்வாகமும் அவர்கள் எடுக்கும் துறைகளில் ஒன்று. உங்களுக்கு நான்கு வருடம் ஆகிவிட்டது. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை இரண்டு வருட அனுபவம் கேட்கும், ஒரு வருட முதுகலைக்குப் பணம் தரும். முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அது உங்களுக்குத் தண்டனையாகத் தெரியாது என்று நினைக்கிறேன். ஜெர்மனியின் டாட் (DAAD) என்ற கல்வி உதவி அமைப்பு ஹெல்முட் ஷ்மிட் பெயரில் பொதுக் கொள்கைக்கென்றே ஓர் உதவித்தொகை நடத்துகிறது, எர்ஃபுர்ட்டில் உள்ள வில்லி பிராண்ட் பள்ளி அதில் சேர்ந்தது. சிங்கப்பூரில் 2004இல் தொடங்கிய லீ குவான் யூ பள்ளியில் இரண்டு வருடப் படிப்பும் உண்டு, கூடுதல் அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு வருடப் படிப்பும் உண்டு. கொரியாவின் கே.டி.ஐ. பள்ளியையும் பாருங்கள். நம்மவர்கள் அமெரிக்காவுக்கு அடுத்து லண்டன் என்று நின்றுவிடுகிறார்கள். நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடி வகுப்பினர் என்றால் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

உள்நாட்டில், பெங்களூரு ஐ.ஐ.எம். 2002இல் இதே பெயரில் ஒரு படிப்பைத் தொடங்கியது. பணியில் இருக்கும் அதிகாரிகளை மனதில் வைத்துத் தொடங்கியது அது, உங்களுக்கு இப்போதைக்குப் பொருந்தாது. அதே ஊரில் தேசிய சட்டப் பள்ளி 2014 முதல் பொதுக் கொள்கையில் இரண்டு வருட முதுகலை நடத்துகிறது, அதற்கு அவர்களுடைய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எல்லாவற்றையும்விட உங்களுக்கு நேராகப் பொருந்துவது 2022இல் நம் மாநில அரசு தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம். இரண்டு வருடம் மாத ஊதியத்தோடு அரசுத் திட்டங்களில் வேலை பார்த்துக்கொண்டே, திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் வழியாகப் பொதுக் கொள்கையும் மேலாண்மையும் படித்துச் சான்றிதழ் வாங்கலாம். வயது வரம்பு பொதுவாக 30, சில பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. தொழிற்படிப்பில் முதல் வகுப்பு வேண்டும், தமிழ் தெரிந்திருக்க வேண்டும். முதல்நிலைத் தேர்வு, விரிவான தேர்வு, நேர்காணல். குரூப் ஒன் முதன்மைத் தேர்வு வரை போனவருக்கு இது புதிய மலை இல்லை. எடுப்பது வெகு சிலரைத்தான், அடுத்த அறிவிப்பு எப்போது என்று கவனித்துக்கொண்டே இருங்கள்.

காத்திருக்கும் காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்தும் மைக்ரோமாஸ்டர்ஸ் படிப்பு ஒன்று உண்டு, தரவும் பொருளாதாரமும் கொள்கை வடிவமைப்பும் கலந்தது. பாடம் இலவசமாகப் பார்க்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம், அதுவும் வருமானத்தைப் பொறுத்துக் குறையும். நான் மேலே சொன்ன "கடனால் குழுவா, குழுவால் கடனா" என்ற கணக்கை அதில் முறையாகச் சொல்லித் தருகிறார்கள். ஒரு பாடத்தை எடுத்துப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு, எட்டு ஊராட்சி சுற்றிவிட்டு வந்த களைப்பிலும் அதில் மனம் ஒட்டினால், இது உங்கள் துறைதான். ஒட்டாவிட்டால் 40 லட்சம் மிச்சம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. முன்பணம் கட்டக் கடைசித் தேதி வருவதற்குள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா, தள்ளிவைத்தால் கட்டணச் சலுகையும் கூட வருமா என்று. இடம் பல சமயம் தள்ளி வரும், சலுகை வராமல் போகலாம், அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூடவே, வேலை அனுபவத்தைக் காட்டிச் சலுகையைக் கூட்ட முடியுமா என்றும் கேட்கலாம். கூச்சப்பட வேண்டாம், அங்கே எல்லோரும் கேட்பார்கள். பாதிக்கு மேல் அவர்களே ஏற்றுக்கொண்டால் மேலே போட்ட கணக்கு மாறிவிடும், அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள்.

எழுதும்போது அந்த 11 குழுக்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அதையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த வருடம் தொடங்கியது, யார் தலைவி, கடைசிக் கூட்டம் எப்போது, தீர்மானப் புத்தகத்தை உண்மையில் எழுதுவது யார். விண்ணப்பக் கட்டுரைக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. "சிறு வயதிலிருந்தே நாட்டுக்குச் சேவை செய்ய வேண்டும் என்று" என மட்டும் தொடங்கிவிடாதீர்கள். நான் சிவப்புப் பேனாவோடு காத்திருக்கிறேன்.